ஒரு கைப்பிடிக் கசங்கல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டில் உடுப்பு மடிப்பது என் வேலை. காலைப் பூசைக்குப் போட்டுப் போனவற்றைக் கொடியில் போட்டு வியர்வை காயவிட்டு, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப்பெட்டியால் தேய்த்து, அடுத்த ஞாயிறுக்காகப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். கோயில் வாங்குப் பலகையில் இருந்து, முழங்காலில் நின்று, எழும்பி வருவதால் எல்லாருடைய உடுப்பிலும் கசங்கல் இருக்கும். அக்காவின் சட்டையில் மட்டும் மேலதிகமாக ஒன்று இருக்கும். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப்புறத்தில், நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றிச் சிதறி ஓடும் ஐந்தாறு மடிப்புகள். கரையில் ஒதுங்கிய நட்சத்திரமீனை எடுத்து ஒட்டிவைத்த மாதிரி. தண்ணீர் தெளித்து இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். போனாலும் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் வந்துவிடும். சிறுவயதில் அது தையல்காரியின் பிழை என்று நினைத்திருந்தேன். வேறு ஆள் தைத்த புதுச்சட்டையிலும் வந்தபோதுதான் விளங்கியது: அது அம்மாவின் கை.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைப் பக்கத்துக் கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர்கள். எந்தக் கோயில் என்று சொல்லாமல் விடுகிறேன். அங்கே எவரையும் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. சொல்வதானால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கும் நேரம் வந்ததும் வாங்கு வாங்காக ஆட்கள் எழும்பி, பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியை நோக்கி வரிசையில் போவார்கள். முழங்காலிட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டி, பங்குக் குருவான சுவாமி வைக்கும் அந்தச் சிறிய வெள்ளை அப்பத்தை வாங்கிக்கொண்டு, எவருடைய முகத்தையும் பாராமல் திரும்பி வருவார்கள். எங்கள் வாங்கின் முறை வரும்போது அக்காவும் எழும்புவாள். கையைக் குவித்துக்கொண்டு, "நானும்" என்பாள். அடம்பிடிக்கிற குரல் இல்லை அது. மறந்துபோன ஒருவருக்கு ஞாபகப்படுத்துகிற குரல். உடனே அம்மா, பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கையைப் பின்னால் கொண்டுபோய் அக்காவின் சட்டையைக் கொத்தாகப் பிடிப்பாள். அப்பாவும் நானும் அவர்கள் இருவரின் முழங்கால்களையும் தாண்டிக்கொண்டு வரிசைக்குப் போவோம். அக்காவைப் பிடித்து வைத்திருப்பதற்காக அம்மாவும் ஞாயிற்றுப் பூசையில் நன்மை வாங்குவதையே விட்டிருந்தாள் என்பது எனக்கு உறைக்கப் பத்தொன்பது வயதாக வேண்டியிருந்தது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் நான்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பிறந்து வெகுநேரம் அழவில்லையாம். நாலு வயதில்தான் நடந்தாள். பேச்சு அதற்கும் பிந்தி வந்தது. வந்த சொற்களையும் இரண்டு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்ரர் பார்த்துவிட்டு, மூளை வளர்ச்சி குறைவு, மருந்தில்லை, அன்பாக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். அன்பாக வைத்திருப்பது என்றால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஊரிலே அதற்குச் சொற்கள் நிறைய இருந்தன. மந்தம், விசர், பாவம் என்று ஆளாளுக்கு ஒன்று. ஒருவரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. காலநிலையைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். இருபத்தாறு வயதிலும் அவளுக்குச் சேலை இல்லை, சிறுமிகள் போடும் முழுச்சட்டைதான். அதையும் ஒருவரும் யோசித்துச் செய்யவில்லை. பிள்ளை என்று முடிவாகிவிட்டால் பிள்ளைக்குச் சட்டைதானே.

ஆனால் அக்காவுக்குத் தெரிந்தவை தெரியும். பாணுக்குத் தட்டுப்பாடு வந்த அந்த வருஷங்களில் விடியப்புறமே சங்கக்கடை வரிசையில் போய் நிற்பது அவள்தான். எவனாவது இடையில் புகுந்தால் அவனைத் தொட்டுப் பின்பக்கத்தைக் காட்டுவாள். அடுத்து நிற்கிற பெண்கள், "அவள் சொல்லுறாள், போ பின்னாலை" என்று துரத்திவிடுவார்கள். வரிசை என்றால் என்ன என்பதை எங்கள் ஊரிலேயே ஒழுங்காக விளங்கிவைத்திருந்தவள் அக்காதான்: நின்றால், நகர்ந்தால், உன் முறையும் வரும். அவளுக்கு முறை வராத ஒரே வரிசை கோயிலில் இருந்தது.

இன்னொன்று நண்டு. அப்பா காலையில் வள்ளத்தால் இறங்கியதும் வலையைக் கொண்டுவந்து முற்றத்தில் போடுவார். வலையில் சிக்கிய நண்டைக் கழட்டுவது பொறுமை கெட்டவர்கள் செய்கிற வேலையில்லை. கண்ணி ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு விதமாகச் சுற்றியிருக்கும். நான் கழட்டினால் பத்துக்கு நாலு கால் ஒடிந்துதான் வரும், என் விரலிலும் இரத்தம் வரும். அக்கா ஒரு காலையும் ஒடித்ததில்லை. நண்டைப் புறங்கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, கண்ணியை ஒரு காலிலிருந்து மெல்ல உருவி, அடுத்ததற்குப் போவாள். அது விடும்வரை இவள் காத்திருப்பாள். எங்கள் நண்டை உரும்பிராய்ப் பக்கம் பெட்டியில் கொண்டுபோய் விற்கிற பெரியம்மா ஒருத்தி இருந்தாள். உறவில்லை, ஊர்முறையில் பெரியம்மா. நாக்கு உப்பில் ஊறினது. அவள்கூட, "உவள் கழட்டின நண்டெண்டால் நான் பாராமல் எடுப்பன்" என்பாள்.

என் புதுநன்மைக்கு, முதல் தடவை நன்மை வாங்கிய நாளுக்கு, நான் போட்டது அக்காவுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. எட்டு வயதில் அவளுக்கென்று தைத்து, ஏதோ நடந்து, பெட்டகத்தில் மடித்து வைத்தது. என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்று காலை அக்கா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, சட்டையின் லேசைத் தொட்டுப் பார்த்தாள். "நானும்" என்றாள். எனக்கு ஏழு வயது. "உனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்கு நடந்தேன்.

பத்தொன்பது வயதில் நான் எப்படிப்பட்டவளாக இருந்தேன் என்று இப்போது, அதிகம் வயது போகாமலே, நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். சுருக்கெழுத்துக்குப் போய் மூன்று கிழமையில் விட்டேன். தையல் பழகப் போய் மெசினின் ஊசியை ஒடித்தேன். கிழமைக்கு நாலு புத்தகம் வாசித்து, வாசித்ததையெல்லாம் அன்றைக்கே எவரிடமாவது கொட்டாவிட்டால் நித்திரை வராது. அப்போது கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர், இவளை எதிலாவது கட்டிப்போட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அக்காவைப் போன்ற பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது பற்றிய சிறிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தந்தார். ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். அப்படிப்பட்டவர்களாலும் படிக்க முடியும், சிறு சிறு படிகளாகப் பிரித்து, தெரிந்த வேலையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியாத இரகசியம் எனக்கு மட்டும் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்று பின்னேரமே அப்பாவிடமும் அம்மாவிடமும் அறிவித்தேன்: அக்காவுக்கு ஞானோபதேசம் படிப்பித்து, மூன்று மாதத்தில் சுவாமியிடம் கூட்டிக்கொண்டு போய், புதுநன்மை எடுக்க வைப்பேன். அப்பா சிரித்தார். அம்மா அடுப்பை ஊதினாள்.

புதுநன்மைக்குப் பிள்ளைகளிடம் சுவாமி கேட்கும் கேள்விகளிலிருந்து பதினொன்றைப் பொறுக்கினேன். ஒரு சொல்லில் பதில் வரக்கூடியவை. இலேசானதை முதலில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகவேண்டும்? கோயிலுக்கு. கட்டளை எத்தனை? பத்து. இப்படியே போய், நன்மையில் நாங்கள் வாங்குவது யாரை என்பது கடைசி. புத்தகத்தில் சொன்னபடி தெரிந்த வேலையோடு சேர்த்தேன். முதல் நண்டு, முதல் கேள்வி. அது கழன்று பெட்டிக்குள் விழுந்தால் இரண்டாம் நண்டு, இரண்டாம் கேள்வி. பதினொரு நண்டு முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. கொப்பியில் கோடு போட்டு, சரிக்கு ஒரு புள்ளி, பிழைக்கு ஒரு கீறல். பெரியம்மா பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"உவளுக்கோ படிப்பிக்கிறாய்? நண்டுக்குப் படிப்பி பிள்ளை, அதாவது நாளைக்குச் சந்தையிலை ஒப்புவிக்கும்."

நான் அவளுக்கு அந்த ஆங்கிலப் புத்தகத்தின் சாரத்தை விளக்கத் தொடங்குவேன். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் மட்டும் போகாமல் நின்று, "உப்பிடி எல்லாருக்கும் படிப்பிக்கலாம் எண்டோ கிடக்கு அதிலை?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. கொப்பியில் புள்ளிகள் கூடிக்கொண்டிருந்தன. இரண்டரை மாதத்தில் அக்கா பதினொன்றையும் பிழையில்லாமல் சொன்னாள். நண்டு விழும் சத்தமும் பதிலும் ஒன்றாக வரும். ஒருநாள் கோபத்தில் அந்தக் கொப்பியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டாள். அதையும் முன்னேற்றத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு புதுக் கொப்பி வாங்கினேன்.

சுவாமி தங்கியிருக்கும் அறைவீட்டுக்கு அக்காவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அந்தப் பங்குச் சுவாமி நல்ல மனிதர். அங்கியின் பையில் எப்போதும் ரொபி இனிப்பு வைத்திருப்பார். கண்ட இடத்தில் அக்கா ஓடிப்போய்ப் பைக்குள் கைவிட்டு எடுப்பாள், அவரும் விடுவார். அன்று அவர் அவளைக் கதிரையில் இருத்தி, தானும் நேரே இருந்துகொண்டார். வரிசையாகக் கேட்டால் பயந்துவிடுவாள், முக்கியமானதை மட்டும் கேட்போம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"நன்மையிலை நாங்கள் வாங்குறது ஆரை, பிள்ளை?"

அக்கா தன் மடியைப் பார்த்தாள். மடியில் வலை இல்லை. இரண்டு கையையும் விரித்து, விரல்களை மெல்ல அசைத்தாள். எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

"கோயிலுக்கு" என்றாள்.

சுவாமி சிரிக்கவில்லை. உன்னைப் படைத்தது யார் என்று கேட்டார். "பத்து" என்றாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. சரியாகத்தான் சொல்கிறாள் என்ற நம்பிக்கையோடு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மூன்றாவது கேள்விக்கு மூன்றாவது நண்டின் பதில் வந்தது. அவர் நாலாவது கேட்கவில்லை. எழும்பி அவள் தலையில் கைவைத்து, அம்மாவிடம் அமைதியாகச் சொன்னார்: "இவள் சம்மனசு, தேவதூதர் மாதிரி. பாவம் செய்யத் தெரியாதவள். சம்மனசுக்கு நன்மை எதுக்கு?"

அம்மா தலையாட்டினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "சம்மனசில்லை சுவாமி. போன மாதம் கோபத்திலை என்ரை கொப்பியைக் கிணத்துக்கை போட்டவள்" என்றேன். வேறு நியாயம் ஒன்றும் அந்த நேரத்தில் வரவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப யோசித்தபோது அதைவிடச் சரியாக நான் எதையும் சொல்லியிருக்க முடியாது என்றே தோன்றுகிறது. மந்தம் என்று சொன்னவர்கள் அவளை ஒரு பக்கத்தால் மனிதர் வட்டத்துக்கு வெளியே விட்டார்கள். சம்மனசு என்று சொன்னவர் மறுபக்கத்தால் விட்டார். இரண்டு பக்கத்தாலும் வெளியே நிற்பவள் ஒரே ஆள்தான். அவள் அறைவீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "நானும்" என்றாள்.

வீட்டில் அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "வலையையும் கொண்டு போயிருக்கலாமெல்லோ" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் பகிடி இல்லை. மறுநாள் காலை வலை முற்றத்தில் விழுந்தபோது அக்கா கிட்ட வரவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் போய் நின்றாள். அடுத்த நாளும் அப்படித்தான். அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். பெரியம்மா ஏசிப் பார்த்தாள். நண்டைக் கண்டாலே அவள் கைகள் பின்னால் போயின. அவளிடம் இருந்த ஒரே தேர்ச்சியை நான் சோதனையாக மாற்றி, அதில் தோற்கவும் வைத்துவிட்டேன். அம்மாவும் நானும் கழட்டிய நண்டுகள் காலில்லாமல் பெட்டிக்குள் விழுந்தன.

அப்படிக் கழட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் நான் பொறுமை இழந்து அம்மாவைச் சொல்லால் குத்தினேன். "நீங்கள்தான் அவளைப் பிடிச்சுப் பிடிச்சு வைச்சிருந்தனிங்கள். உங்களுக்கு வெக்கம்" என்றேன். அம்மா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ அப்ப கைக்குழந்தை. உனக்கென்ன தெரியும்? எட்டு வயசிலை, சட்டை தைச்சு வைச்ச கிழமை, உவள் தானே எழும்பி வரிசையிலை போயிட்டாள். நான் உனக்குப் பால் குடுத்துக்கொண்டிருந்தனான், காணேல்லை. கிராதியிலை முழங்காலிலை நிண்டு நாக்கை நீட்டினவள். அப்ப இருந்த சுவாமி அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் குடுத்தார். உவள் நாக்கை உள்ளை எடுக்கேல்லை. வரிசை முழுக்க முடிஞ்ச பிறகும் நீட்டிக்கொண்டு நிண்டவள், பிள்ளை. பின்னாலை ஆக்கள் சிரிச்சவை."

அம்மா இன்னொரு நண்டைக் கழட்டி முடித்தாள். கால் ஒன்று ஒடிந்தது.

"அண்டையிலை இருந்து பிடிக்கிறன். வெக்கத்திலை எண்டோ நினைச்சனி?"

பிறகு நான் அக்காவிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். எனக்கு அது எவ்வளவு கடினம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் வலைக்குப் பக்கத்தில் இருந்து வாயை மூடிக்கொண்டு நண்டு கழட்டுவேன். கொப்பியை அடுப்புக்குக் கொடுத்தேன். மூன்றாம் கிழமை ஒருநாள், நான் ஒரு பெரிய நண்டோடு மல்லுக்கட்டி விரலைக் கிழித்துக்கொண்டபோது, அக்கா கிணற்றடியிலிருந்து வந்து, என் கையைத் தட்டிவிட்டு, அந்த நண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எட்டுக் காலும் இரண்டு கவ்வும் முழுசாக வந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் ஒப்புவிக்கவில்லை.

அந்த மழைக்காலத்துக்கு முன் அப்பா ஆழமில்லாத தண்ணீரில் வலை இழுக்கும்போது திருக்கைமீனை மிதித்துவிட்டார். முள்ளு ஏறிக் கால் வீங்கி, ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். கோயிலுக்குப் போக முடியாதவர்களுக்கு முதல் வெள்ளிக்கிழமைகளில் சுவாமியே நன்மை கொண்டுவருவார். அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. வீட்டைக் கூட்டி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி வைக்க வேண்டும். நற்கருணையோடு வருகிறவர் வழியில் ஒருவரோடும் கதைக்கமாட்டார். வீட்டுக்காரரும் கதைக்காமல் முழங்காலில் நிற்க வேண்டும். அக்கா ரொபிக்கு ஓடுவாள், எல்லாம் குழம்பப் போகிறது என்று எனக்குப் பயம். அவளைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போவோமா என்று அம்மாவிடம் கேட்டேன். நான்தான் கேட்டேன்.

படலையில் சுவாமி தெரிந்ததும் அக்கா எழும்பினாள். அயலவர் அப்பாவுக்காக இழுத்து முற்றத்தில் போட்டிருந்த நண்டுவலையை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினாள். மணந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் கழுவினாள். உள்ளே வந்து, என் பக்கத்தில் முழங்காலில் நின்று, கையைக் குவித்தாள். சுவாமியின் அங்கிப் பையை அவள் பார்க்கவே இல்லை. அவர் கழுத்திலிருந்து நெஞ்சில் தொங்கிய, நன்மை வைத்த சின்னப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நன்மை வாங்கி, செபம் முடிந்து, சுவாமி எழும்பியபோது வழக்கம்போல் பைக்குள் கைவிட்டு ஒரு ரொபியை நீட்டினார். அக்கா வாங்கினாள். வாயில் போடவில்லை, மேசையின் ஓரத்தில் வைத்தாள். நெஞ்சில் தொங்கிய பையைக் காட்டி, "நானும்" என்றாள்.

சுவாமி திரும்பக் கதிரையில் இருந்தார். மேசையில் இருந்த ரொபியைத் தொட்டார்.

"இது என்ன?"

"ரொபி. இனிப்பு."

"அப்ப இது?" என்று நெஞ்சில் கைவைத்தார்.

அக்கா கதவுப்பக்கம் ஒருமுறை, மெழுகுதிரியை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, கிட்டப் போய்ச் சொன்னாள்:

"அவர். சத்தம் போடாதை."

பங்குச் சுவாமியை அப்படி அதட்டியவர் எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பின்னும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். துடைத்து முடிய நேரம் எடுத்தது. "வாற ஞாயிறு கூட்டிக்கொண்டு வா, அம்மா. பிடிச்சு வைச்சிருக்காதை" என்றார். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அதற்கு முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமே என்றேன். "அதுதான் கொப்பி ஒண்டு கிணத்துக்கை கிடக்கெண்டு சொன்னனியே. அதைச் சொல்லட்டும்" என்றார். சனிக்கிழமை பின்னேரம் அக்கா மற்றவர்களோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் போனாள். கோயில் முழுக்கக் கேட்கும்படி "கொப்பி! கிணறு!" என்று சொல்லிவிட்டு, பாவம் செய்தவர்களில் தானும் ஒருத்தி என்ற பெருமையோடு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சேலை உடுத்தினோம். அம்மாவின் கலியாண வெள்ளைச் சேலை. முக்காடு, அவளுக்கென்று வாங்கி, என் புதுநன்மைக்கு நான் போட்டது. எங்கள் வாங்கின் முறை வந்தது. அக்கா எழும்பினாள். ஆனால் நகரவில்லை. பார்த்தால், சேலை என்றாலும் அம்மாவின் கை தன் பழைய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது. பின்னால் கொத்தாகப் பிடித்தபடி, கண் பீடத்தில், அம்மா அசையாமல் இருந்தாள். "அம்மா, விடுங்கோ" என்று மெல்லச் சொன்னேன். அவளுக்குக் கேட்டது, தலையாட்டினாள், கை திறக்கவில்லை. விடக்கூடாது என்று பிடித்திருக்கவில்லை. பதினெட்டு வருஷமாக மூடிப் பழகிய கை. திறக்க அதற்குத் தெரியவில்லை. பின் வாங்கில் ஆட்கள் எழும்பிக் காத்து நின்றார்கள்.

அக்கா திரும்பினாள். குனிந்து, அம்மாவின் மணிக்கட்டைத் தன் இடக்கையால் அமர்த்திப் பிடித்தாள். வலக்கையால் முதலில் சுண்டுவிரலை நிமிர்த்தினாள். அது விடும்வரை காத்திருந்தாள். பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்தது. இழுக்கவில்லை, அவசரப்படவில்லை. பெருவிரல் கடைசியில் வந்தது. அம்மாவின் கையை அம்மாவின் மடியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, கையைக் குவித்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். கிராதியில் முழங்காலிட்டு நாக்கை நீட்டினாள். சுவாமி அவளைத் தாண்டிப் போகவில்லை. எவருடைய முகத்தையும் பாராமல் அவள் திரும்பி வந்த விதத்தில், அத்தனை வருஷமும் வாங்கில் பிடிபட்டுக்கொண்டே அவள் எல்லாவற்றையும் எப்படிப் பார்த்துப் படித்திருந்தாள் என்று தெரிந்தது. என் பதினொரு கேள்வியும் எந்த மூலைக்கு?

வந்து இருந்தவள் அம்மாவின் முழங்கையைத் தள்ளினாள்.

"நீயும்."

சுவாமி கிராதியில் காத்துக்கொண்டு நின்றார். அம்மா எழும்பிப் போனாள்.

அடுத்த ஞாயிறு, பூசை தொடங்கிய பிறகு, நண்டுப் பெரியம்மா கோயிலுக்குள் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி, மீசை அரும்பிய ஒரு பெடியன். பெரியம்மாவுக்கு மூன்றாவதாக ஒரு மகன் இருக்கிறான் என்று ஊருக்குத் தெரியும். நாலு வயதுக்குப் பிறகு அவனை ஒருவரும் கண்டதில்லை, கேட்டதுமில்லை. அத்தனை வருஷம் எங்கள் முற்றத்தில் நின்று பகிடி பண்ணியவள், உப்பிடி எல்லாருக்கும் படிப்பிக்கலாமோ என்று ஒருநாள் மட்டும் கேட்டவள். அவள் வாங்கில் இராமல் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அக்கா திரும்பிப் பார்த்தாள், எழும்பிப் போனாள், இரண்டு பேரையும் எங்கள் வாங்கில் கொண்டுவந்து இருத்தினாள். நாங்கள் நெருங்கி இடம் விட்டோம். பெரியம்மா பூசை முடியும்வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு சாதனை. வெளியே வந்ததும் என்னிடம், "அந்தப் புத்தகம் உன்னட்டைக் கிடக்கோ?" என்றாள்.

இது நடந்து நாலைந்து வருஷம் ஆகிறது. சனிக்கிழமைகளில் ஞானோபதேச மண்டபத்தை எங்களுக்குத் தருகிறார்கள். ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். பிள்ளைகள் என்கிறேன், ஒருவருக்கு முப்பது வயது. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பெரியம்மாவின் மகன் இப்போது தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டுகிறான், அதற்கு ஒன்றரை வருஷம் எடுத்தது. ஒரு தாய் ஒருநாள் மட்டும் வந்தாள், பிறகு வரவில்லை. அவள் வீட்டுப் படலைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். கேள்வி கேட்பதைக் குறைத்து, அவரவர் கைக்குத் தெரிந்ததைப் பக்கத்திலிருந்து பார்க்க நான் பழகிக்கொண்டு வருகிறேன். சில நாட்களில் முடியும், பல நாட்களில் பழைய கெட்டிக்காரி எட்டிப் பார்ப்பாள். பிள்ளைகள் படிப்பதைவிடப் பின்வாங்கில் தாய்மார் கதைப்பதுதான் கூட. யார் வீட்டில் எப்படிக் குளிக்க வார்ப்பது, வலிப்பு வந்தால் எப்படிக் கிடத்துவது, தாங்கள் செத்தால் பிறகு யார் என்று. அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் ஒருவரிடமும் பதில் இல்லை. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க ஒரு இடம் இருக்கிறது.

போன ஞாயிறும் மத்தியானம் நான்தான் உடுப்பு மடித்தேன். அக்கா இப்போது சேலைதான். அவளுடையதை விரித்தால் முதுகுப்புறத்தில் ஒன்றுமில்லை, இருந்தெழும்பிய சாதாரணக் கசங்கல், எல்லாருக்கும் இருப்பது. அதற்குக் கீழே அம்மாவின் சேலை. அதன் தலைப்பில், வலக்கை எட்டுகிற இடத்தில், நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி ஐந்தாறு மடிப்புகள். அக்கா தனக்கு முன்னால் வரிசையில் நடந்து, கிராதியில் முழங்காலிட்டு, சுவாமி அவளிடம் வந்து நிற்கும்வரை அம்மாவின் கைக்கு எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்போல. ஸ்திரிக்கைப்பெட்டியை எடுத்தேன். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்து மடித்து வைத்தேன்.